அமெரிக்க அணிலுக்கு மேலப்பாளையத்துத் தொண்டை

கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்கும் தொழிலில் அழகாகப் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. அழகாக அடிவாங்கவும் தெரிய வேண்டும். மரத்திலிருந்து விழ வேண்டும், கதவில் மூக்கு நசுங்க வேண்டும், வாலில் தீப்பிடித்து ஓட வேண்டும். அத்தனையும் மைக்குக்கு முன்னால் அசையாமல் நின்றபடியே.

வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சோறு ஊட்டுவதற்காகப் போனில் ஒரே கார்ட்டூனைத் திரும்பத் திரும்பப் போட்டு, அதில் வரும் கீச்சுக் குரலை மனசுக்குள் திட்டியிருப்பீர்கள். நானும் திட்டுகிறவள்தான். என்ன, அந்தக் குரல் என்னுடையது.

பாம்பு எங்கே?

நான் ஆழ்வார்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவள். படிப்பெல்லாம் ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சரி. மேலப்பாளையத்தில் காஜா அண்ணன் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஆட்டோவில் ஹாரன் கட்டிக்கொண்டு "வாங்க வாங்க, ஆடித் தள்ளுபடி" என்று ஊர் சுற்றுகிறார்களே, அந்த விளம்பரம் பேசத்தான் முதலில் அங்கே போனேன். அப்புறம் சென்னையில் ஒரு கம்பெனிக்காரர்கள், பழைய காலத்து அமெரிக்கக் கார்ட்டூன்களைத் தமிழில் பேசவைக்க ஆள் தேடினார்கள். முக்கியமான வேஷம் ஓர் அணில்குட்டி. முதலில் மூன்று கதைக்குப் பேசி அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் தொடர் முழுக்க அணில் எனக்குத்தான். சென்னைக்குக் குடி போகாமல், மகள் வள்ளியையும் விட்டுப் பிரியாமல் செய்யக்கூடிய வேலை. இதைக் கைநழுவ விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

"முதல்ல நல்லாப் பயப்படு தங்கச்சி, பாப்போம்" என்றார் காஜா அண்ணன். தலையணைக்கடியில் பூரான் கிடந்த நாளை நினைத்துக்கொண்டு ஒரு கத்துக் கத்தினேன். அப்போது அறையின் கதவைச் சாத்தியிருக்கவில்லை. பக்கத்து வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்த மைமூன் அக்கா விளக்குமாற்றோடு ஓடிவந்துவிட்டார். நான் மைக்கைக் காட்டினேன். அக்கா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. மேசைக்கடியில் குனிந்து தேடிக்கொண்டே சொன்னார்: "பாம்பு எங்கன போச்சு? அதச் சொல்லிட்டுக் கத்துளா!"

பாதி மரம்

அந்தக் காலத்து அமெரிக்கக் கார்ட்டூனில் யாரும் சட்டென்று விழமாட்டார்கள். கிளை முறிந்ததும் அந்தரத்தில் நிற்பார்கள், கீழே பார்ப்பார்கள், நம்மைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் விழுவார்கள். விழுவதும் லேசில் முடியாது. மரம் போய்க்கொண்டே இருக்கும். அணில் தரையைத் தொடுகிற வரைக்கும் "ஆஆஆ" நிற்கக் கூடாது.

எனக்கு மூச்சு முட்டியது. மூச்சை எப்படிச் சேர்த்துப் பார்த்தாலும் நடுவிலேயே தீர்ந்துவிட்டது. கடைசியாக ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து இழுத்துக் கத்தி முடித்துவிட்டு, சாதித்துவிட்டேன் என்று பெருமையாகக் கண்ணைத் திறந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காஜா அண்ணன் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அது இன்னும் பாதி மரத்துலதான் இருக்கு. அதுக்குள்ள நீ செத்துட்டே."

காட்டுக்குள் மீன்

ஸ்டூடியோச் சுவரில் தெர்மாகோல் ஒட்டியிருக்கிறது. இருந்தாலும் தெருவுக்குள் பஸ் ஹாரன் அடித்தால் அமெரிக்காவுக்கும் கேட்கும். அதனால் பாங்கு சொல்லும் நேரம், பள்ளிக்கூடம் விடும் நேரம் எல்லாம் விட்டுவிட்டு, நடுவில் கிடைக்கிற அமைதியில்தான் வேலை. அணில் தன்னந்தனியாகப் பனிக்காட்டில் விம்மி அழுகிற கட்டத்தை அப்படி ஒரு நல்ல நேரம் பார்த்து ஆரம்பித்தோம். சரியாக இரண்டாவது விம்மலில் "பாம், பாம்" என்று மீன்காரரின் ரப்பர் ஹாரன்.

காஜா அண்ணன் வெளியே ஓடினார். "அண்ணாச்சி, கொஞ்சம் அங்கன தள்ளிப் போயி அடிங்களேன். உள்ள அமெரிக்கக் காடு ஓடுது" என்று கெஞ்சினார். மீன்காரர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஏன், அங்க உள்ளவங்க மீன் திங்க மாட்டாவளோ?"

வீட்டில் ஒரு விமர்சகர்

முதல் கதை முடிந்ததும் அதைப் போனில் போட்டு வள்ளிக்குக் காட்டினேன். அவளுக்கு மூன்று வயசு. அம்மா குரல் என்று தெரிந்ததும் துள்ளிக் குதிக்கப்போகிறாள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் பாட்டுக்கு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "அணில் பேசுறது யாரு, சொல்லு பாப்போம்?" என்றேன். "அணிலு" என்றாள்.

"அம்மாதாம்ட்டி பேசுதேன்" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினேன். என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வள்ளி போனைப் பிடுங்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்: "பொய்யி. அம்மா சத்தம் தடிசு."

அணிலின் அத்தை

மூன்று கதையும் சென்னைக்குப் போயிற்று. கம்பெனியில் இதைப் பார்த்துக்கொள்ளும் உமா மேடம் போன் பண்ணி, "குரல் கொள்ளை அழகுங்க! நாளைக்கு வீடியோவில் வந்து எங்க முதலாளிக்கு நேரடியாப் பேசிக் காட்டிடுங்க, முடிச்சிடலாம்" என்றார். மறுநாள் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பேசினேன். திரையில் எல்லா முகமும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அணிலைக் கூப்பிட்டா, அணிலோட அத்தை வந்திருக்காங்களே!" என்றார் உமா மேடம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காஜா அண்ணன்தான் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். ஆட்டோ ஹாரனில் தடித்த குரல் போட்டால் தெருவில் எடுபடாதாம். அதனால் என் விளம்பரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு சுற்று மெலிசாக்கித்தான் கொடுப்பாராம். கார்ட்டூன் வேலை வந்தபோது அதை எடுத்துவிட மறந்துபோனார். நானோ, பதிவில் கேட்டால் யார் குரலும் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். காஜா அண்ணன் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். உமா மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மெலிசாக்குறது மிஷின்தான்னா, அந்த மிஷின் எங்ககிட்டயும் இருக்கே."

வாய் திறந்திருந்தது

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரே காட்சியை நானும் சென்னையில் ஒரு பெண்ணும் பேசி அனுப்ப வேண்டும், இரண்டையும் மிஷினில் போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றார்கள். காட்சி இதுதான்: குளிர்காலம் முழுவதற்கும் அணில் சேர்த்துவைத்த கடலை ஆற்றோடு போகிறது. அணில் வாயை ஆவென்று திறக்கிறது. திறந்தபடியே கொஞ்ச நேரம் நிற்கிறது. அப்புறம் அழுகிறது. படத்தில் வாய் திறந்திருந்தால் வசனம் எழுதுகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது. "ஐயோ, என் கடலை போச்சே, நான் என்ன செய்வேன்" என்று அந்த இடத்தை நிரப்பியிருந்தார்கள்.

எனக்கு அந்த இடத்தில் பேச வரவில்லை. நிஜமாகவே விழுந்து அடிபட்டால் வள்ளி உடனே அழமாட்டாள். வாய் மட்டும் திறந்திருக்கும், சத்தமே இருக்காது, முகம் சிவந்துகொண்டே போகும். மூச்சு வருமா வருமா என்று நமக்கு ஈரக்குலை பதறும். உங்களுக்குத் தெரியாததா? அந்த அணிலின் வாயைப் பார்த்தபோது எனக்கு அதுதான் தெரிந்தது. எழுதித் தந்ததை விட்டுவிட்டுச் சும்மா நின்றேன். நான் வசனத்தை மறந்துவிட்டேன் என்று காஜா அண்ணன் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கையையும் ஆட்டினார். நான் அசையவில்லை. அணிலின் முகம் முழுக்கச் சிவந்த பிறகுதான் அழுகையை விட்டேன். அந்தக் காலத்தில் இங்கிலீஷில் இந்த அணிலுக்குக் குரல் கொடுத்த அமெரிக்க அம்மாள் இதே இடத்தில் என்ன செய்தாளோ, எனக்குத் தெரியாது. எழுதித் தந்ததைப் பேசாமல் அனுப்புகிறோமே என்ற பயத்தோடுதான் அனுப்பினோம்.

மறுநாள் மத்தியானம் வள்ளிக்குப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சோற்றுக் கையோடு எடுத்தேன். உமா மேடம்தான். சென்னைப் பெண்ணுக்குக் கிளி வேஷமாம், நன்றாகப் பாடுகிறாளாம். அணில் எனக்காம். காரணத்தையும் அவரே சொன்னார்.

"மெலிசு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாங்க. ஆனா அழறதுக்கு முன்னாடி நீங்க சும்மா இருந்தீங்க பாருங்க, அப்ப நான் நாற்காலியை விட்டே எழுந்துட்டேன். எனக்கும் ரெண்டு வயசுல ஒண்ணு இருக்கு."

ஆக, முகம் அமெரிக்காவினுடையது, மெலிசு மிஷினுடையது, அழுகை என் மகளுடையது. தொண்டை கட்டினால் மிளகுப்பால் குடிக்க வேண்டியவள் மட்டும் நான்.