கரண்ட் போனபோது கேட்ட சத்தம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்து, பழைய தறி ஒன்று வாங்கி, இன்று ராஜபாளையம் பக்கத்தில் நாற்பது விசைத்தறி ஓட்டுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி. அது போக இரண்டு வீடு, ஒரு கல்யாண மண்டபம். எவனும் கைதூக்கிவிடவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மாதம் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. நாற்பது தறியும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அமைதியில் என் நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. அம்புட்டுதான். மூச்சு முட்டியது, கை மரத்தது, செத்தேன் என்றே நினைத்தேன்.

ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து, இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். நான் நம்பவில்லை. தனியாக இருக்கவே பயம். குளிக்கும்போது தாழ்ப்பாள் போடமாட்டேன், வெளியே மனைவி நிற்க வேண்டும். தறி ஷெட்டுக்குள் கால் வைத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. கட்டியதெல்லாம் கைவிட்டுப் போய்விடும் போலிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனார்கள். என் மகள் வயதுதான் இருக்கும். மாத்திரை தருவார் என்று பார்த்தால் வீட்டுப்பாடம் தந்தார். நெஞ்சு படபடப்பதைச் சாவு என்று நானே அர்த்தம் பண்ணிக்கொள்கிறேனாம், அதுதான் பயத்தை ஏற்றுகிறதாம். பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் என்று போட்டுக்கொண்டே, அடுத்த வாரம் பஸ்ஸில் தனியாக வரச் சொன்னார்.

வந்தேன். இருபது மார்க்தான் என்று மார்தட்டினேன். அவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“ஐயா, கீழ நிக்கது போன வாரம் நீங்க வந்த காருதானே?”

என் கார் டிரைவரைப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வரச் சொல்லியிருந்தேன். எந்த வேலைக்கும் ஆள் போட்டே பழகிய முதலாளி புத்தி.

“பயப்படுறதுக்கு ஆள் போட முடியாதுய்யா. போகும்போது அவர அனுப்பிருங்க. பாதியில எறங்காதீங்க. பயம் தானா அடங்கும்.”

காரை அனுப்பிவிட்டுப் பஸ் ஏறினேன். பாதி வழியில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்தார். அதே அமைதி. அதே சத்தம். தொண்ணூறு மார்க். சட்டை நனைந்தது, கண் இருட்டியது. கை செல்போனைத் தேடியது. காரைக் கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

கண்டக்டர் பார்த்துவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, இப்படி வேர்க்கு? எறங்கி செத்த நேரம் காத்தாட நிக்கியளா?”

பஸ் படிக்கு நாலே எட்டுதான்.

“வேண்டாம்யா. நான் இருக்கேன்.”

முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேற்கே மலை தெரிந்தது. எண்பது. எழுபது. சாவு வரவில்லை. லாரி நகர்ந்தபோது ஐம்பது, ராஜபாளையத்தில் இறங்கும்போது முப்பது. மறுநாள் ஷெட்டுக்குப் போனேன்.

இப்போதும் கரண்ட் போனால் அந்தச் சத்தம் கேட்கிறது, கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நிற்கிறேன். வீட்டில் எல்லோரும் அந்த ஆலோசகர் அம்மாதான் என்னைக் குணமாக்கினார் என்கிறார்கள். வழி சொன்னது அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்ஜின் அணைந்த பஸ்ஸில் இறங்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். இந்தக் கதையை யார் சொன்னாலும் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.