நாசகாரியில் ஏற்றிய சூடம்

ஒரு போர்க்கப்பலையே நடுங்க வைத்தவன் நான். பொய். நடுங்கியது நான்தான், கப்பல் பாட்டுக்குச் சும்மா நின்றது.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் இருக்கும். புதுச்சேரிக் கடலில் தூரமாக ஒரு நாசகாரிக் கப்பல் வந்து நங்கூரம் போட்டது. அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. கப்பல் பார்க்க ஊர்ச்சனங்களைக் கூட்டிப்போகும் வேலை எங்கள் படகுக்கு. படகை நடத்தும் தண்டல் என் மாமனார். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். "துடுப்பு போடுறியா, மோர் கடையிறியா?" என்று தினமும் கேட்பார்.

அன்றைக்கு, "நீயும் ஏறிப் பாத்துட்டு சட்டுனு எறங்கிடு மாப்ள, அஞ்சு மணிக்குக் கப்பல் கெளம்புதாம்" என்றார்.

மேலே ஒரு நாகப்பட்டினத்து மாலுமி கப்பலின் கதையைச் சொன்னார்.

"இங்கிலீஷ்காரன் கட்டுனது. பெரிய சண்டையில நீர்மூழ்கியத் தேடித் தேடி அடிச்சிருக்கு. இப்பத்தான் நம்ம கொடி."

பக்கவாட்டில் இரும்புத் தகடு ஒன்று ஒட்டுப்போட்டிருந்தது. குண்டு விழுந்த இடமாம்.

"அங்க நின்னவங்க?" என்று கேட்டேன். அவர் கடலைக் காட்டினார்.

புதிதாக ஒரு படகில் கால் வைத்தால், சூடம் ஏற்றிக் கும்பிடாமல் நாங்கள் இறங்கமாட்டோம். மடியில் சூடமும் தீப்பெட்டியும் இருந்தன. காற்றுக்கு மறைவாகப் பின்பக்கம் போனேன். பீப்பாய்கள் வரிசையாக இருந்தன. குடிதண்ணீர் போல என்று நினைத்து, ஒன்றின்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்திக் கண்ணை மூடினேன்.

விசில். தடதடவென்று ஓட்டம். சூடத்தின்மேல் ஒரு தொப்பி விழுந்தது. என் கையை யாரோ முறுக்கினார்கள்.

"யோவ், நீர்மூழ்கிய ஒடைக்கிற வெடிய்யா அது!" என்றார் நாகப்பட்டினத்துக்காரர்.

கீழே ஓர் அறையில் அதிகாரி கேட்டதை அவர்தான் தமிழில் சொன்னார்.

"ஒன்ன அனுப்பினது யாரு?"

"எங்க மாமாதான் ஏறச் சொன்னாரு" என்றேன். இருந்த ஒரே துணையையும் மாட்டிவிட்டேன்.

வட்ட ஜன்னல் வழியாக எங்கள் படகு சனங்களோடு கரைக்குப் போவது தெரிந்தது. காலடியில் இரும்பு உறுமத் தொடங்கியது. இனி எந்த ஊரில் இறக்குவார்களோ, எந்தச் சண்டையில் விடுவார்களோ, என் பெண்டாட்டிக்கு யார் சொல்வார்கள்? வேட்டி நனைந்தது. கடல்தண்ணீர் என்றுதான் வீட்டில் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

கதவு திறந்தது. மாமா. சனங்களைக் கரையில் இறக்கிவிட்டு, எனக்காகத் திரும்பி வந்திருக்கிறார்.

"இவன் ஒங்க ஆளா?" என்று நாகப்பட்டினத்துக்காரர் கேட்டார்.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். வேட்டியையும் பார்த்தார்.

"எம் பொண்ணு புருசன்தான், அறிவு கொஞ்சம் கம்மி" என்றார். பிறகு கைகூப்பினார். "ஐயா, அங்க ஏத்துனது தப்புதான். ஆனா கும்புட்டு முடிக்கறதுக்குள்ள சூடத்த அணைச்சிட்டீங்க. இப்பிடியே கப்பல எடுக்காதீங்க."

நாகப்பட்டினத்துக்காரர் அதை அதிகாரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிடுங்கிய தீப்பெட்டியை மாமா கையில் வைத்து, முன்பக்கத்தைக் காட்டினார். அங்கே எங்களைச் சுற்றி மாலுமிகள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். நாலு குச்சி காற்றில் அணைந்தது. ஐந்தாவதை மாமா என்னிடம் நீட்டி...

"இன்னா இன்னும் எழுதிகினு?" என்கிறாள் பெண்டாட்டி உள்ளேயிருந்து. "எங்கப்பா படத்துக்குப் படையல் போட்டாச்சு, வந்து சூடத்த ஏத்து. பக்கத்துல பீப்பா கீப்பா இருக்குதான்னு பாத்துட்டு ஏத்து!"