பதில் மட்டும் சொல்லும் வேலை

தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் லாங்குவேஜ் லேபில் இருபத்து நான்கு இருக்கைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெட்போன். காலையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அவற்றைத் துடைக்க வேண்டும். கம்ப்யூட்டர்களைப் போட்டு, ஆங்கிலம் நடத்தும் மேடம் சொல்லும் பாடத்தை ஓடவிட வேண்டும். மாலையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பூட்ட வேண்டும். நான் தமிழ் வழியில் பன்னிரண்டாவது வரை படித்தவள். ஆனால் பல வருஷமாக அதே பாடங்கள் காதில் விழுந்து விழுந்து, ஆங்கிலம் யார் பேசினாலும் எனக்குப் புரியும். இது யாருக்கும் தெரியாது. திருப்பிப் பேச எனக்கு வாய் வராது. தமிழிலேயே வாய் வராதவளுக்கு ஆங்கிலத்தில் எங்கே வரப்போகிறது?

வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்தால், வகுப்பில் சேருவதற்கு முன் மூன்று மாதம் ஆங்கிலம் படிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே பாடத்தை வைக்க மேடத்துக்குப் பிடிக்காது. முதல் வாரமே ஒரு தாளைக் கொடுத்து, இந்த மொழியை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதச் சொல்வார். பதிலைப் பார்த்துத்தான் பாடம் தயாராகும். கணக்குப் படிக்க வந்தவனுக்கு ஒரு ஃபைல், கம்ப்யூட்டர் படிக்க வந்தவளுக்கு வேறு ஃபைல். ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடிப்பது நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் மடகாஸ்கரிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். சமூகப்பணி படிக்கப் போகிறார்கள். அதாவது வீடு வீடாகப் போய் மனிதர்களிடம் அவர்கள் கஷ்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் படிப்பு. அதனால் அவர்களுடைய ஃபைல் முழுக்கக் கேள்வி கேட்கும் பயிற்சிதான். கடைசிப் பரீட்சையும் அப்படித்தான்: முன்பின் தெரியாத ஒருவரோடு கால் மணி நேரம் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டே அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு பேருக்கு அது வந்துவிட்டது. ஒரு பெண்ணுக்கு மட்டும் வரவில்லை. இருபத்து மூன்று வயதிருக்கும். கேட்டால் அழகாகப் பதில் சொல்வாள், கேட்க மட்டும் வராது. அந்த வருஷமே வகுப்பில் சேர்ந்தால்தான் அவளுக்கு உதவித்தொகை. தேறாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பழகிவரட்டும் என்று மேடம் அவளை வெளியே அனுப்பிப் பார்த்தார். ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் ஒரு நாள் போனாள். மறுநாள் நான் டீ குடிக்கப் போனபோது அந்த அக்காவே சொன்னார்.

"அந்தப் பொண்ணு நோட்ட தொறக்கறதுக்குள்ள என் கதை மொத்தமும் சொல்ட்டேன். பாதி இங்கிலீஷு, பாதி கையி. அப்பால நான் கேட்டேன், அம்மா கீறாங்களா, அப்பா கீறாரா, கல்யாணம் ஆச்சான்னு. பாவம், வூட்ட வுட்டு எம்மாந்தூரம் வந்துகீது!"

எல்லா இடத்திலும் இதே கதை. வாட்ச்மேன் அண்ணன், லைப்ரரி சார், ஹாஸ்டல் வார்டன் என்று எல்லாருமே அவள் வாயைத் திறப்பதற்குள் தங்கள் கதையைச் சொல்லி, அவளையும் கேட்டு முடித்துவிடுவார்கள். எந்த நாடு, நம்ம ஊர் சாப்பாடு ஒத்துக்கிறதா, கல்யாணம் எப்போது. அவள் நிறைந்த நோட்டோடு வருவாள், ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டாள்.

"நம்ம ஜனங்க இவளை இன்டர்வியூ பண்ணி அனுப்பிடறாங்க" என்று சொல்லி மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பஞ்சும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் கரெக்டான ஆள். நீங்களா எதுவும் கேக்க மாட்டீங்க. கேட்டா ஒரு வார்த்தைல பதில் சொல்வீங்க. சும்மா இருக்கணும்னா உங்களை மாதிரி யாரால முடியும்?"

"எனக்கு இங்கிலீஷ் வராது மேடம்."

"எஸ், நோ வரும் இல்ல? அது போதும். டெய்லி லஞ்ச் முடிஞ்சு அரை மணி நேரம். அவ கேட்டாதான் நீங்க வாயைத் திறக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் என் குறை என்று நான் ஒளித்துவைத்திருந்ததை ஒருவர் தகுதி என்று சொன்னால் சந்தோஷப்படவா முடியும்? ஆனாலும் சரி என்று தலையாட்டினேன்.

அதன் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாள் தாளைப் பார்த்து மூன்று கேள்வி கேட்டாள். பெயர் சொன்னேன். வீடு ஊரப்பாக்கம் என்றேன். வீட்டில் அம்மா என்றேன். அவ்வளவுதான். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்த அமைதி புதிதில்லை. அவள்தான் நெளிந்தாள். நான் ஏதாவது கேட்பேன் என்று முகத்தைப் பார்த்தாள், நான் கேட்கவில்லை. கடைசியில் மேஜையில் கிடந்ததைக் காட்டி, "இந்தப் பஞ்சு எதற்கு?" என்றாள். அது தாளில் இல்லாத கேள்வி.

அதிலிருந்து தாள் தேவைப்படவில்லை. பதினோராவது ஹெட்போனை மட்டும் ஏன் தனியாக வைக்கிறீர்கள்? அதில் இடது காது கேட்காது. ரயிலில் உட்கார இடம் கிடைக்குமா? காலையில் கிடைக்காது. அம்மா என்ன செய்வார்? டிவி பார்ப்பார், டிவியோடு சண்டை போடுவார். இதற்கு அவள் சிரித்தாள். என் பதில்கள் ஒரு வார்த்தையிலிருந்து ஒரு வாக்கியமாக நீண்டதை நானே கவனிக்கவில்லை. மேடம் கவனித்திருக்கிறார். எட்டாம் நாள், "பரவாயில்லையே, ரெண்டு பேரும் தேறிடுவீங்க போல" என்றார்.

ஒன்பதாம் நாள் அவள் கேட்டாள்: "அக்கா, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு நீங்கள் ஏன் தனியாகச் சாப்பிடுகிறீர்கள்?"

எனக்குப் பதில் தெரியும். அதற்கான ஆங்கிலமும் தெரியும். ஆனால் "புரியவில்லை, எனக்கு ஆங்கிலம் வராது" என்றேன். வேறு வார்த்தைகளில் மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். அவள் முகம் சிறுத்துப்போயிற்று. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் தாளை எடுத்து வந்தாள். பெயர் என்ன, ஊர் எது. அதற்கு அடுத்த நாளும் அதேதான். எனக்குத் தெரிந்த பதில்களையே அவளுக்குத் தெரிந்த கேள்விகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தானே போய்ட்டு இருந்தது? என்ன ஆச்சு இவளுக்கு?" என்று மேடம் என்னிடம் கேட்டார். பரீட்சைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"தெரியலை மேடம்" என்றேன். அது இரண்டாவது பொய்.

அன்று மாலை ரயிலில் நின்றபடி யோசித்துக்கொண்டே போனேன். படிப்பில் சேர்ந்ததும் இவள் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போவாள். அங்கேயும் வாய் திறக்கப் பயந்துபோய் வந்தால் அதற்குக் காரணம் நான்தான். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஒரு பாடமாக இருந்திருக்கும். நான் அவள் கேள்வியையே தப்பாக்கிவிட்டேன்.

மறுநாள் அவள் தாளை எடுப்பதற்குள், அவள் கேட்காமலே ஆரம்பித்தேன். மேடம் போட்ட விதியை மீறினேன்.

"நீ கேட்டது எனக்கு அன்றே புரிந்தது. இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாரோடும் சேர்ந்துதான் சாப்பிட்டேன். தினமும் கேட்பார்கள், ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று. என்னிடம் பதில் இல்லை. அதனால் தாமதமாகச் சாப்பிடப் போனேன். கொஞ்ச நாள் எனக்காகக் காத்திருந்தார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள்."

நான் அதுவரை ஆங்கிலத்தில் பேசியதிலேயே நீளமானது அதுதான்.

அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு வாரத்தில் என்னிடமிருந்து கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், சும்மா இருப்பது. பிறகு கேட்டாள்: "இப்போது அவர்கள் கூப்பிட்டால் போவீர்களா?"

"தெரியாது" என்றேன். அது பொய்யில்லை.

பரீட்சை அன்று வேறு கல்லூரியிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். முன்பின் தெரியாத ஆளாக மேடம் கூப்பிட்டு வந்தது, சிட்லபாக்கத்தில் தன் தெருவில் இருக்கும் ஒரு பெரியவரை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பார்த்த உடனே எனக்குப் பயமாகிவிட்டது. பேச ஆள் கிடைக்காதா என்று அலைபவர் போல இருந்தார். நான் பதிவு செய்வதற்காக ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

நினைத்தபடியே அவர் முந்திக்கொண்டார். எந்த நாடு? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கல்யாணம்? அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். மடகாஸ்கர். ஆமாம். இல்லை. பிறகு சும்மா இருந்தாள். அவர் மேலே என்ன கேட்பது என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போது கேட்டாள்: "காலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

ஏரியைச் சுற்றி நடப்பேன் என்றார்.

"யாரோடு?"

"முன்பெல்லாம் ஒரு நண்பரோடு. இப்போது தனியாக. அவர் மகளோடு பெங்களூர் போய்விட்டார். போன்கூடச் செய்வதில்லை."

"நீங்கள் செய்வீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

என் முன்னால் திரையில் குரலுக்கு ஏற்ப ஏறி இறங்கிய கோடு அப்படியே நேராக ஓட ஆரம்பித்தது. வந்திருந்த சார் பேனாவைத் தூக்கினார், பேச்சைத் தொடரவைக்க உதவி செய்யலாம் என்று. மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தப் பெண் பெரியவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. கேள்வியை அவள் திரும்பப் பெற்றுக்கொண்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

கோடு மெல்ல அசைந்தது.

"கிளம்பும்போது என்னிடம் சொல்லவில்லை. அந்தக் கோபம்" என்றார் பெரியவர். பிறகு அவர் பேசியதில் அவளைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

எல்லாம் முடிந்து தாளில் கையெழுத்துப் போடும்போது வந்திருந்த சார் மேடத்திடம் சொன்னார், "சேர்த்துக்கங்க மேடம். இந்தப் பொண்ணு போற வீட்ல நிச்சயம் பேசுவாங்க."

மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறந்தபோது அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். பயிற்சி முடிந்துவிட்டது, இனி அவள் கேட்க வேண்டியதில்லை. அவளும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அம்மா டிவியோடு சண்டை போடுவதுவரை இவளுக்குத் தெரியும். இவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. கேட்காமல் இருப்பதை நான் அடக்கம் என்று நினைத்திருந்தேன். அதில் கொஞ்சம் கஞ்சத்தனமும் இருந்திருக்கிறது.

என்ன கேட்பது என்று தெரியவில்லை. எல்லாரும் கேட்பதையே கேட்டேன்.

"வீட்டில் யார் யார்?"

அவள் சிரித்துவிட்டாள். "இந்த ஊரில் இதைக் கேட்காத ஒரே ஆள் நீங்கள்தான் அக்கா. உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன்."

எலுமிச்சம் சாதத்தில் பாதியை மூடியில் வைத்து அவள் பக்கம் தள்ளினேன். அம்மா, இரண்டு அண்ணன்கள் என்று அவள் ஆரம்பித்தாள். அண்ணன்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். இரண்டு மணி வகுப்புப் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டியபோது இரண்டாவது அண்ணனின் கதை பாதியில் இருந்தது.