கரிசல் சேற்றில் ஒரு டிரெய்லர் பிரேக்

2006 ஐப்பசியில் நாகலாபுரத்திலிருந்து கோவில்பட்டிக்கு, அக்கா வீட்டுக்காரரான அத்தானோடு டிராக்டரில் போனேன். பஸ் இருக்க டிராக்டர் எதுக்கு என்பீர்கள். பின்னால் மாட்டிய டிரெய்லருக்கு பிரேக் வைக்கத்தான். அதற்கு முந்தின வருசம் கண்மாய்க்கரை இறக்கத்தில், பிரேக் இல்லாத டிரெய்லர் அத்தானின் டிராக்டரைப் பின்னாலிருந்து நெட்டிக் கவிழ்த்தது. டிரெய்லரில் இருந்த என் அக்காவுக்கு இடுப்பெலும்பு போச்சு. அதிலிருந்து கம்பு ஊன்றித்தான் நடை. களையெடுக்க ஆள் திரட்டுவது அவள்தான். அவள் ஏறாத வண்டியில் மற்றப் பெண்களும் ஏறமாட்டார்கள். தூரத்துப் புன்செய்க் காடெல்லாம் களை மண்டிக் கிடந்தது.

"பிரேக்கு மாட்டிட்டு வாங்க, ஏறுதேன்" என்று அத்தானிடம் சொல்லியிருந்தாள்.

நாற்பது கிலோமீட்டர் சொச்சம், மூன்று மணி நேரம். முதுகு விட்டுப்போச்சு. சக்கரத்தில் காந்த பிரேக் ஏற்கெனவே மாட்டியாச்சு. அதற்குக் கரண்ட் அனுப்பும் கன்ட்ரோலர் பெட்டிதான் பாக்கி. பட்டறையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று, பெடலை எப்படி மிதித்தாலும் செட் பண்ணிய அளவுக்கே பிடிக்கும். இன்னொன்று, டிராக்டர் வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்பப் பிடிக்கும். விலை கூட, ஆனாலும் ஆளேற்றும் வண்டிக்கு அதுதான் சரி. அத்தானும் யோசிக்காமல் அதையே எடுத்தார்.

"லோடு வச்சு செட் பண்ணணும் அண்ணாச்சி. மழைன்னா பிரேக்கைக் கழத்துத பழக்கத்தை விட்டுருங்க" என்றார் பட்டறைக்காரர்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. பழைய கம்பி பிரேக்கில் கரிசல் சேறு அப்பினால் பிடித்த பிடியை விடாது. அதனால் மழைக்கு முன்னமே அவிழ்த்துவிடுவார்கள்.

திரும்பி வரும்போது விளாத்திகுளம் தாண்டியதும் மழை பிடித்தது. ஊருக்குத் திரும்பும் மண்பாதையில் டிரெய்லர் சக்கரம் சுற்றாமல் இழுபட்டது. அத்தான் இறங்கினார்; டிராக்டரிலிருந்து டிரெய்லருக்குப் போகும் பிரேக் வயரை ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டார்.

"அது சேறுதான் அத்தான்!"

"நீ சும்மா இரு மாப்ள. பிரேக்கு பிடிச்சுக்கிட்டு."

வயரைப் பிடுங்கியும் சக்கரம் அசையவில்லை. கடைசியில் மண்வெட்டியால் சேற்றைக் கொத்தியெடுத்த பிறகுதான் சக்கரம் சுற்றியது. வயரை மாட்டுங்க என்றேன். மழை விடட்டும் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. இதை வாசிக்கிறவர்களே, சக்கரம் நின்றால் முதலில் மண்ணைத் தோண்டுங்கள். வயரில் கை வைக்காதீர்கள்.

கண்மாய்க்கரை மேட்டில், பக்கத்துக் காட்டிலிருந்து வந்த பெண்களோடு அக்கா நனைந்துகொண்டு நின்றாள்.

"மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு. ஏறு" என்றார் அத்தான்.

அக்கா கம்பைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு டிரெய்லர் கதவைப் பிடித்தாள். அப்போதுதான் கீழே தொங்கிய வயரைப் பார்த்தாள். கம்பைத் திரும்ப வாங்கி ஊன்றிக்கொண்டு, அந்தச் சேற்றில் இறக்கத்தை நோக்கி நடந்தாள். அத்தனை பெண்களும் அவள் பின்னால் போனார்கள். காலி டிரெய்லரோடு நாங்கள் மேட்டிலேயே நின்றோம்.