ஆறாவது பந்து

எங்கள் மாமா கோல்ஃப் ஆடுவதில் மன்னன் என்பதில் மலாக்காவின் காஜா பேராங்கில் இரண்டே பேருக்குத்தான் சந்தேகம் இருந்ததில்லை. ஒருவர் மாமா. இன்னொருத்தி நான். அந்த இரண்டு பேரில் ஒருவரைக் கழித்துவிட வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. கல்யாணமாகாதவர், எங்கள் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். ஊருக்கு வெளியே துரைமார் கோல்ஃப் ஆடும் திடலில் அவருக்கு வேலை. காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தோளில் ஒரு சின்னத் துண்டோடு கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவார். வந்ததும் குளித்து, தலையைப் படிய வாரி, மளிகைக்கடை வாசலில் இருக்கும் பலகையில் போய் உட்கார்ந்துவிடுவார். அன்றைய ஆட்டத்தை அங்கேதான் சொல்வார். மழை பெய்த புல் என்றால் பந்து ஓடாது; அதனால் எப்படி இடப்பக்கம் தள்ளி நின்று ஒரே தட்டாகத் தட்டினேன் தெரியுமா என்பார். காற்று கடல் பக்கமிருந்து வந்தது, துரை திகைத்துப் போனார், நான் திகைக்கவில்லை என்பார். எல்லாக் கதையும் ஒரே மாதிரித்தான் முடியும். பந்து உருண்டு போய்க் குழியில் விழும், துரை தொப்பியைக் கழற்றுவார்.

மளிகைக்கடை ராவுத்தரை ஊரில் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வெங்காயம் நிறுத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், விழுந்துவிட்டதா என்று கேட்பார். அவர் கேட்கிற தினுசில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கடையில் இனிமேல் சீனி மிட்டாய் வாங்குவதில்லை என்று எத்தனையோ முறை சபதம் எடுத்து, எத்தனையோ முறை அதை மீறியிருக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. சுதந்திரம் வர இன்னும் சில வாரங்கள்தான். பெரியவர்கள் வாயைத் திறந்தால் மெர்டேக்கா. கடைத்தெருவில் குறுக்கும் நெடுக்குமாகத் தோரணம் கட்டினார்கள். வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு வாசனை. அந்த அமர்க்களத்தின் நடுவில் பண்டார் ஹிலிர் திடலில் கடலோரமாக ஒரு பன்ஃபேர் வந்து இறங்கியது. ராட்டினம், வளையம் எறிகிற கடை, பொம்மையைச் சுடுகிற கடை எல்லாம் இருந்தன. கோல்ஃப் பெட்டியை முதலில் கண்டுபிடித்தவன் என் கூட்டாளி. தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில் இருந்தவன். நெற்றியில் திருநீறு இருக்கும், பெயர் அசல் தமிழ்ப் பெயர், ஆனால் தமிழ் வராது. நாங்கள் மலாயில்தான் சண்டை போடுவோம், மலாயில்தான் சமாதானமாவோம். அவன் மூச்சிரைக்க ஓடிவந்து, உன் மாமாவைப் பெட்டிக்குள் போட்டு அடைத்துவைத்திருக்கிறார்கள் என்றான்.

போய்ப் பார்த்தேன்.

கட்டில் நீளத்தில் மூன்று பெட்டிகள், மேலே கண்ணாடி. உள்ளே பச்சைத் துணி போர்த்திய நிலம். சின்னச் சின்ன மேடு, ஒரு மணல்குழி, முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டால் ஒரு குளம். ஒரு முனையில் சிவப்புக் கோட்டு போட்ட தகர மனிதன் கையில் மட்டையோடு குனிந்து நின்றான். வெளியே ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் அவன் திரும்புவான். இழுத்து விட்டால் அடிப்பான். பெட்டிக்கு ஆறு குழி, ஆட்டத்துக்கு ஆறு பந்து. முதல் பெட்டி கைப்பிள்ளைகள்கூட ஆடலாம். இரண்டாவது சுமார். மூன்றாவது இருக்கிறதே, அது ராட்சசப் பெட்டி. மேட்டுக்குப் பின்னால் குழி, குளத்தை ஒட்டிக் குழி, மணலுக்கு நடுவில் குழி. மூன்றாம் பெட்டியில் ஒரே ஆட்டத்தில் ஆறு பந்தையும் ஆறு குழியில் போட்டால் ஒரு சைக்கிள் பரிசு. நீல நிறம், முன்னால் கூடை, மணியோடு கூரையில் தொங்கியது. கடைக்காரச் சீனக் கிழவர், அப்பேக் என்போம், சுருட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒருவரும் ஜெயிக்கப்போவதில்லை என்கிற நிம்மதியோடு அதன் கீழே உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சைக்கிள் எனக்கு வேண்டும். பொம்பிளைப் பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு என்றாள் அம்மா. ஜெயித்தால் வைத்துக்கொள்ளட்டும் அக்கா என்று மாமாதான் எனக்காக வாதாடினார். ஆட்டத்துக்கான காசும் அவர்தான் கொடுத்தார். ஆனால் அவர் மட்டும் பெட்டியைத் தொடவே மாட்டார். நிஜப் பந்து அடிக்கிற கை, பொம்மையைத் தொட்டால் கெட்டுப்போய்விடும் என்றார். நான் அதை அப்படியே நம்பினேன். என் கூட்டாளியிடமும் பெருமையாகச் சொன்னேன்.

முதல் வாரம் என் பந்துகள் குளத்தில்தான் குளித்தன. மற்றப் பிள்ளைகளைப் போல நானும் கைப்பிடியைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். மெல்ல மெல்லத்தான் விஷயம் பிடிபட்டது. பாதி இழுத்தால் போதும். கையால் விடக்கூடாது, விரலால் விட வேண்டும். வீட்டில் இட்லித் தட்டைச் சாய்த்துவைத்து, கோலிக்குண்டை உருட்டி, சொன்ன குழியில் சொன்ன மாதிரி விழவைக்கப் பழகினேன். ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவின் இட்லியில் கோலி வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை இங்கே விவரிக்க வேண்டாம்.

ஆனாலும் மூன்றாம் பெட்டியில் பந்து ஏதோ பேய் பிடித்ததுபோல் கடைசி நேரத்தில் விலகிப் போனது. ஒரு நாள் மழை விட்ட பிறகு, கையில் இருந்த கோலியை அந்தப் பெட்டியின் கண்ணாடி மேல் வைத்தேன். அது தானாக உருண்டு கடல் பக்கம் போய்க் கீழே விழுந்தது. திடலின் ஈர மண்ணில் பெட்டியின் கடல்பக்கத்துக் கால்கள் அழுந்தியிருந்தன. மழை பெய்யப் பெய்ய இன்னும் அழுந்தும். இதுதான் அந்தப் பேய். அப்பேக் என்ன செய்கிறாய் என்று அதட்டினார். கோலி நழுவிவிட்டது என்று பொய் சொன்னேன். அது முதல் தினமும் கோலியை ஒருமுறை நழுவவிட்டு, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அந்த அளவுக்குக் கடலுக்கு எதிர்ப்பக்கமாகத் தகர மனிதனைத் திருப்பி அடித்தேன். மூன்று விழுந்தன. நான்கு விழுந்தன. ஒரு நாள் ஐந்து விழுந்தன. நான் ராட்டினத்தைச் சுற்றி ஓடிவிட்டு வந்தேன். இந்தக் கண்டுபிடிப்பை நான் யாரிடமும் சொல்லவில்லை, மாமாவிடமும்தான்.

மாமா பின்னால் நின்று பார்ப்பார். விழுந்தாலும் நல்ல அடி என்பார், குளத்தில் போனாலும் அதே குரலில் நல்ல அடி என்பார். அது ஒன்றுதான் எனக்கு அவரிடம் பிடிக்காதது.

ஐந்து விழுந்த கதை மளிகைக்கடைக்குப் போயிற்று. எல்லாம் என் கைராசி, எங்கள் குடும்பத்து ரத்தம் என்றார் மாமா. அன்றைக்கு நானா தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்பா, சின்னப் புள்ள அஞ்சு போடுது. நீ ஒரு பந்து போட்டு நாங்க பார்த்ததில்லையே லா. ஞாயித்துக்கிழமை கடைய சாத்திட்டு வரேன். ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டு."

மாமா சிரித்து மழுப்பினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஞாயிறுதான் பன்ஃபேரின் கடைசி நாள். சைக்கிளையும் ஜெயிக்க வேண்டும், நானாவின் வாயையும் அடைக்க வேண்டும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிறு பிற்பகல், வெயில் கொஞ்சம் இறங்கியதும் போனோம். நானா சொன்னபடி கடையைச் சாத்திவிட்டு, சலவைச் சட்டையில் வந்து முன்வரிசையில் நின்றார். சேதி பரவி நல்ல கூட்டம். கோலியை நழுவவிட்டுப் பார்த்தேன். இரவு பெய்த மழையில் பெட்டி நன்றாகவே சாய்ந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்ததும் மாமா கூட்டத்தைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். அடிக்கிறவர் பக்கம் யாருடைய நிழலும் விழக்கூடாது என்று ஆட்களை நகர்த்தினார். கச்சாங் பூத்தே என்று கடலை விற்றவரைக் கூவாதே என்றார். வாங்கியவர்களை மெல்லாதே என்றார். இருமல் வந்த ஒரு கிழவரை ராட்டினம் வரைக்கும் அனுப்பிவைத்தார். பன்ஃபேர் திடலில் இப்படி ஓர் அமைதியை அதற்கு முன்போ பின்போ நான் கண்டதில்லை.

முதல் பந்து மேட்டுக்குப் பின்னால் இருந்த குழியில் விழுந்தது. நல்ல அடி. இரண்டாவது மணலைத் தாண்டி விழுந்தது. நல்ல அடி. மூன்றாவது குளத்துக் கரையிலேயே உருண்டு, மனசு மாறி, குழிக்குள் இறங்கியது. நான்காவதுக்கு அப்பேக் எழுந்து நின்றார். ஐந்தாவதுக்குச் சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். என் கூட்டாளி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

பாக்கி ஒரே குழி. ஆகச் சுலபமான குழி, தகர மனிதனுக்கு நேர் எதிரே வெட்டவெளியில் இருப்பது. வேண்டுமென்றேதான் அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். முழு வாரமும் யோசித்து வைத்திருந்த காரியத்தை அப்போது செய்தேன். கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பினேன்.

"மாமா, இது நீங்க அடிங்க."

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. வேண்டாம் பாப்பா, நீயே அடி என்றார். நான் விடுவேனா? நானா பார்க்கட்டும், ஊரே பார்க்கட்டும் என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக் கைப்பிடிமேல் வைத்தேன். அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். கைப்பிடியை மேலிருந்து கீழாக, விரல் படும் இடமெல்லாம் துடைத்தார். துடைத்துவிட்டு ஒரு அடி பின்வாங்கி, ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். யாரோ வந்து அடிக்கப்போகிறார்கள் என்று காத்திருக்கிற மாதிரி நின்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. துரை யாரும் வரமாட்டார், நீங்கள்தான் அடிக்க வேண்டும் என்றேன். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நானா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருபோதும் இல்லாத குரலில் சொன்னார்:

"அடிங்க தம்பி. அவசரமில்ல."

மாமா வந்தார். குனிந்து பார்த்தார். கைப்பிடியைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. இழுத்து விட்டார். பந்து எவ்வளவு அழகாகப் போனது! நேராக, குழியைப் பார்த்து, நூல் பிடித்தாற்போல் போயிற்று. நேராகப் போனதுதான் வினை. கடல்பக்கச் சாய்வை நான் அவரிடம் சொல்லவே இல்லை. கடைசி ஒரு சாணில் பந்து மெல்லத் தடம் மாறி, குழியின் விளிம்பைத் தொட்டு, அரைவட்டம் போட்டு, வெளியே நின்றுவிட்டது.

அப்பேக் உட்கார்ந்து சுருட்டை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மாமாவை நிமிர்ந்து பார்த்தால், மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார். வாயெல்லாம் பல். போன பந்தின் வழியையே கண்ணால் திரும்பத் திரும்ப உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நானா பக்கத்தில் வந்து, கேலி செய்யப்போகிறார் என்று நான் பயந்துகொண்டிருக்க, நல்ல அடி தம்பி என்றார். மாமா அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் பதினாலு வருடம் அந்தக் கோல்ஃப் திடலில் துரைமாரின் மட்டைப் பையைத் தூக்கியவர் என்று பின்னாளில் அம்மா சொன்னாள். மட்டையைத் துடைத்து நீட்டிவிட்டு, ஒரு அடி பின்வாங்கி, நிழல் விழாமல் நின்று, பந்து எங்கே போனாலும் நல்ல அடி என்று சொல்வது அவருடைய வேலை. அத்தனை வருடத்தில் ஒரு பந்தைக்கூட அடிக்க அவரை விட்டதில்லையாம்.

பத்து வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது, கூரையிலிருந்து இறக்கிய நீலச் சைக்கிளை மறுநாள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது மட்டும்தான். மளிகைக்கடைப் பலகையில் மாமா அதற்குப் பிறகு துரை தொப்பி கழற்றிய கதை எதையும் சொல்லவில்லை. இந்த ஒரு அடியைத்தான் சொன்னார். சுதந்திரம் வந்த அன்றும் சொன்னார், அதற்குப் பிறகும் வருடக்கணக்காகச் சொன்னார். நானா ஒவ்வொரு முறையும் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். சொல்லும்போது மாமா எதையும் கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். பந்து விளிம்பைத் தொட்டு வெளியேதான் நிற்கும். துரைமார் திடலில் அத்தனை நூறு பந்துகளைக் குழியில் விழவைத்த மனிதர், என் சைக்கிள் போன இந்த ஒரு பந்தைக் கதையிலாவது விழவைத்தால் என்ன என்று எனக்கு அப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை.