பறியைக் கடித்த வாய்

ஒல்லாந்தர் கோட்டையில் உச்சிமணி அடிக்கிறது. ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள், பிடித்ததைப் போடப் பல்லில் கடித்திருந்த ஓலைக்கூடையான பறியை எடுத்துவிட்டுக் கஞ்சித்தண்ணீர் குடிக்கக் கரையேறுகிறார்கள். என் சின்ன வயதில் இந்த வழக்கம் இல்லை. பறியைக் கடித்தால் பொழுது சாயும்வரை வாய்க்குத் தண்ணீர் கிடையாது.

அதை மாற்றியது ஒரு சித்திரை வெயில். அன்று அம்மா தலைசுற்றிக் கரையில் சாய்ந்துவிட்டாள். பேச நா எழவில்லை. அவள் தங்கை, என் சித்தி, அம்மாவின் புறங்கையைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய தோல் மடிந்தபடியே நின்றது.

"இன்னாக்கா இது, இடுப்பளவு தண்ணியில நின்னுகினே கருவாடாயிட்டியே!"

உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான் அம்மாவின் காலை விடவேயில்லை. வெயில் தாழ்ந்தபோது, காலையிலிருந்து ஒன்றுக்கே போகாத அம்மா மெல்லச் சொன்னாள்: "ஒண்ணுக்கு வருதுடி."

"எங்கக்கா பொழைச்சிக்கினா!" என்று கரையே கேட்கக் கத்திவிட்டு, சித்தி அப்போதுதான் அழ உட்கார்ந்தாள்.