பதினான்கு வசவுகள்

அகராதி அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை யாரும் எடுத்ததில்லை. எல்லோருக்கும் அவள் சீட்டக்கா. கைப்பையில், தலையணைக்கு அடியில், அரிசி டப்பாவின் மூடிமேல் என்று எங்கே தொட்டாலும் உள்ளங்கை அகலத்தில் வெள்ளைச் சீட்டுகள் கிடைக்கும். பஸ்ஸில் யாராவது ஒரு அபூர்வச் சொல்லைச் சொல்லிவிட்டால், இறங்க வேண்டிய இடத்தைக்கூட விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருப்பாள். பதினொரு ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர். அந்தத் 'தற்காலிக' என்ற சொல்லுக்கு மட்டும் அவள் இதுவரை சீட்டு எழுதியதில்லை. எழுதினால் அழுகை வந்துவிடும்.

அலுவலகத்தின் விதி கறாரானது. ஒரு சொல் புத்தகங்களில் ஆயிரம் தடவை வந்திருக்கலாம். ஆனால் உயிரோடிருக்கும் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து நிஜமாகவே சொன்னதாக ஒரு சீட்டாவது வேண்டும். சொன்னவர், சொல்லப்பட்டவர், தேதி, முழு வாக்கியம். இல்லாவிட்டால் 'வழக்கிழந்தது' என்று முத்திரை விழும். வீட்டில் உட்கார்ந்து ஜோடித்த வாக்கியத்தைப் பதிப்பாசிரியர் மோப்பம் பிடித்துவிடுவார்.

அந்த மாதம் முதல் தேதி, அவர் ஒரு காகிதக் கட்டை அவள் மேசைமேல் வைத்தார்.

"கடவுளையும் மதத்தையும் மறுக்கிறவங்களைச் சொல்ற வார்த்தைங்க. நாத்திகன், பாசண்டி, பதிதன், நிந்தகன்னு மொத்தம் பதினாலு. ஆண்பாலோ பெண்பாலோ, எதுவானாலும் சரி. மாசக் கடைசிக்குள்ள எல்லாத்துக்கும் உயிருள்ள சீட்டு வந்துட்டா, உங்க நிரந்தர ஃபைல்ல அன்னைக்கே கையெழுத்து போடறேன்."

"வரலைன்னா சார்?"

"ஃபைலும் வழக்கிழந்ததுதான்."

சீட்டக்கா பக்தி உள்ளவள். கட்டைப் பிரிப்பதற்கு முன் இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். பிரித்த பிறகு கையைக் கழுவிக்கொண்டாள். பதிதன் என்ற சொல்லை இந்தக் காலத்தில் யார் வாயில் போய்த் தேடுவது?

விடை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தது. மாமியாருடையது நாற்பது வருடம் பழைய பிரசங்கப் புத்தகங்களை உரக்கப் படித்த வாய். அந்த வாய்க்கு எதிரே தினமும் உட்கார்ந்து சாப்பிடுவது, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் இளைய மகன். கடவுள் இல்லை என்பதைச் சோறு கேட்கும் குரலிலேயே சொல்லக்கூடியவன்.

"தம்பி, இன்னைக்கு ஏதாவது பேசுங்களேன்" என்று குழம்பை ஊற்றும்போதே சீட்டக்கா காதோடு சொல்வாள்.

கொழுந்தன் பேசுவான். "ஏம்மா, நீ ராத்திரி பகலா வேண்டிக்கிற. நான் ஒண்ணுமே வேண்டிக்கல. ரெண்டு பேருக்கும் ஒரே மூட்டுவலிதானே?"

"வாயை மூடுடா பாசண்டிப் பயலே. உன்னை மாதிரி பதிதன் பொறந்த வயித்துல வலி வராம என்ன வரும்?"

ஒரே வாக்கியத்தில் இரண்டு. சீட்டக்கா மேசைக்கு அடியில், மடியில் வைத்து எழுதிவிடுவாள். கணவர், வண்டி ஓட்டுகிறவர், பாதையில் பள்ளம் வந்தால் ஒதுங்குகிற மாதிரி தட்டோடு பக்கத்து அறைக்குப் போய்விடுவார். இருபத்தெட்டாம் தேதி பதினான்கும் சேர்ந்துவிட்டன. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு மாதம் வந்ததே இல்லை.

ஆனால் விதி சும்மா இருக்குமா? மறுநாள் காலை சீட்டுக் கட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அவள் தலைவாரப் போன நேரம், கொழுந்தன் அதைப் பிரித்துவிட்டான்.

"அம்மா, நான் அகராதியில வரப்போறேன். கேளு. நிந்தகன். சொன்னவர், தாய், வயது அறுபத்தெட்டு. சொல்லப்பட்டவர், இளைய மகன். 'நிந்தகனே, நீ தொட்ட தண்ணியக்கூட நான் குடிக்க மாட்டேன்.' சொல்லிட்டு நான் பிடிச்சு வெச்ச தண்ணியத்தான் குடிச்சே. அதை அண்ணி எழுதல."

மாமியார் சிரிக்கவில்லை. சீப்போடு வந்து நின்ற மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"இது அச்சாகுமா?"

"ஆமா அத்தை."

"எத்தனை வருஷம் இருக்கும்?"

"நூறு வருஷம்கூட இருக்கும்."

"நான் திட்டுறது அன்னன்னைக்கே போயிடும்மா. கை கழுவுறப்போ அதுவும் போயிடும். நான் செத்தப்புறமும் என் புள்ளைய நான் திட்டிக்கிட்டே இருக்கணுமா?"

பதினொரு ஆண்டு ஒரு பக்கம். ஒரு தாயின் முகம் மறு பக்கம். சீட்டக்கா பதினான்கு சீட்டுகளையும் எடுத்து மாமியார் மடியில் வைத்தாள். மாமியார் ஒவ்வொன்றாக, நிதானமாகக் கிழித்தார்.

அன்று அவள் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை வீட்டில் என்ன நடந்ததோ தெரியாது. கணவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவள் செருப்பைக் கழற்றும்போதே மாமியார் கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"வேலை விஷயத்தை எங்கிட்ட ஏன் சொல்லல? போய் பென்சில் எடுத்துட்டு வா."

"எதுக்கு அத்தை?"

"உன்னைத் திட்டப்போறேன். நீ நான் பெத்த புள்ள இல்ல, நூறு வருஷம் இருந்தாலும் பரவாயில்ல."

"ஜோடிச்சா சார் கண்டுபிடிச்சிடுவாரு அத்தை."

"யாரு ஜோடிக்கப்போறா? பதினோரு வருஷமா தொண்டையிலயே இருக்கு."

சீட்டக்கா உட்கார்ந்தாள். மாமியார் தொண்டையைச் செருமினார்.

"சாமி கும்பிடறப்போ ஒத்தக் கண்ணைத் திறந்து அடுப்பைப் பாக்கறவ நாத்திகி இல்லாம வேற யாருடி? எழுதிட்டியா? என் தங்கச்சி வீட்டு பிரார்த்தனையில, எல்லாரும் தலை குனிஞ்சிருக்கையில, நீ பக்கத்துல இருந்தவ சொன்ன சொல்ல சீட்டுல எழுதிட்டிருந்தே. பாசண்டி. என் தங்கச்சி இன்னைக்கு வரைக்கும் கேக்கறா, உன் மருமக அன்னைக்கு என்ன கணக்கு போட்டான்னு. பதிதை."

"மெதுவா சொல்லுங்க அத்தை."

"மெதுவா திட்ட வராது."

ஆறாவது சொல்லுக்குள் விளையாட்டு போய்விட்டது. மாமியாரின் மூக்கு விடைத்தது. கல்யாணமான முதல் மாதம் உடைந்த கண்ணாடி ஜாடி, சொல்லாமல் சினிமாவுக்குப் போனது, உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் தன்னைப் பின்வரிசையில் உட்கார வைத்தது எல்லாம் வெளியே வந்தன. கடவுளை மறுத்தவர்களுக்கென்று பிறந்த பதினான்கு சொற்களும் மருமகள் தலையில் விழுந்தன. சீட்டக்காவின் கண்ணிலிருந்து சொட்டிய நீரில் ஒன்பதாவது சீட்டு நனைந்தது. வலித்தது என்னவோ உண்மை. அந்த வலிக்கு நடுவிலும், 'ஆகா, வாக்கியம் அமைந்துவிட்டது' என்று மனசின் ஒரு மூலை துள்ளியதும் உண்மை.

மாதக் கடைசி நாளில் பதிப்பாசிரியர் சீட்டுகளை ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"இதுல ஜோடிப்பே இல்ல. இந்தம்மா நிஜமாவே உங்க மேல கோவமா இருக்காங்க."

"ஆமா சார்" என்றாள் சீட்டக்கா பெருமையாக.

அவர் ஃபைலை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மாமியார் வாசலிலேயே கேட்டார். "எத்தனை தேறுச்சு?"

"பதினாலும் அத்தை. பதிதைக்கு நீங்க சொன்னதுதான் முதல் வாக்கியமா வருதாம்."

மாமியார் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

கொழுந்தன்தான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "பத்து வருஷமா ஒருநாள் விடாம திட்டு வாங்கினது நானு" என்றான். "ஒண்ணையாவது எனக்கு விட்டு வெச்சிருக்கலாம்ல அண்ணி?"